மேடு ஏறும் உடலுக்குள் வைக்கப்படும் பொருள்கள்

சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு அனுப்பப்படும் தோட்டத் தொழிலாளி ஒருவர் வைத்தியரிடம் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் வலியைப் பற்றியதாக இருப்பதில்லை. "டாக்டர் ஐயா, இனி மலைக்குப் போகலாங்களா?" என்பதே அந்தக் கேள்வி. மலைக்குப் போவது என்றால் ஈரச் சரிவில் வெறுங்காலோடோ தேய்ந்த செருப்போடோ ஏறி இறங்குவது, கொழுந்துக் கூடையின் பாரத்தைத் தலையிலும் முதுகிலும் தாங்குவது, பேர், அதாவது ஒருநாள் கூலி, விழுவதற்கு வேண்டிய கொழுந்து நிறை சேரும்வரை நின்றபடியே கைகளை ஓயாமல் இயக்குவது. எலும்பில் தகடு, இதயத்தில் வால்வு, கண்ணில் வில்லை, காலில் செயற்கைப் பாதம் என உடலுக்குள்ளும் உடலோடும் பொருத்தப்படும் பொருள்கள் கடந்த முக்கால் நூற்றாண்டில் அடைந்திருக்கும் வளர்ச்சி பெரிது. அவ்வளர்ச்சியை இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அட்டன், பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் உடல்களை முன்வைத்து இக்கட்டுரை விளக்க முயல்கிறது. ஒரு பொருள் நல்லதா என்பதில் பாதியைத்தான் அதன் வேதியியல் தீர்மானிக்கிறது. அது எந்த வேலைக்குத் திரும்பும் உடலுக்குள் போகிறது, அவ்வுடலுக்கும் அதைக் கவனித்துக்கொள்ளும் கிளினிக்குக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பவை மீதிப் பாதியைத் தீர்மானிக்கின்றன.

இது உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லும் கருத்தன்று. 1986 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செஸ்டர் நகரில் கூடிய உயிர்ப்பொருள் ஆய்வாளர்கள் உடல் ஒவ்வுமைக்கு வகுத்த வரையறையிலேயே இது அடங்கியிருக்கிறது. குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டில், உடலிடமிருந்து தகுந்த எதிர்வினையைப் பெற்றுத் தன் பணியைச் செய்யும் ஆற்றலே ஒவ்வுமை என்று அவர்கள் கூறினர். ஆகவே எந்தப் பொருளும் பொதுப்படையாக 'உடலுக்கு ஒத்தது' என்று சான்றிதழ் பெற இயலாது. தொடை எலும்பில் நாற்பது ஆண்டு நிலைக்கும் உலோகம் இரத்தக் குழாயில் கட்டியை உண்டாக்கலாம். தட்டையான நகரத்துத் தரையில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் செயற்கைப் பாதம் தேயிலை மலையில் ஓரிரு மழைக்காலத்தில் உதிர்ந்துபோகலாம்.

உடலுக்குள் வைக்கப்படும் எந்தப் பொருளையும் உடல் கவனிக்காமல் விடுவதில்லை. இரத்தம் பட்ட சில நொடிகளுக்குள் புரதங்கள் அதன் மேற்பரப்பில் படிந்துவிடுகின்றன. பிறகு வந்து சேரும் கலங்கள் தொட்டறிவது அப்பொருளை அன்று, அதன்மேல் படிந்த புரதப் படலத்தையே. விழுங்கற் கலங்கள் முதலில் அதை அழிக்க முயல்கின்றன. முடியாதபோது ஒன்றோடொன்று இணைந்து பெருங்கலங்களாகின்றன. அதுவும் பலிக்காவிட்டால் நார்த்திசுவாலான ஓர் உறையைச் சுற்றி எழுப்பி, வந்த பொருளை உடலின் ஏனைய பகுதியிலிருந்து ஒதுக்கிவிடுகின்றன. எலும்புத் தகட்டைச் சுற்றி இத்தகைய மெல்லிய உறை உண்டானால் பெரும் தீங்கு இல்லை. நீரிழிவு நோயாளரின் தோலுக்கடியில் இருந்து சர்க்கரையை இடைவிடாது அளக்கும் உணரியைச் சுற்றி இதே எதிர்வினை உண்டானால் அளவு பிழைக்கும். அவ்வகை உணரிகளைப் பத்து அல்லது பதினான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எலும்பு விடயத்தில் இந்த ஒதுக்கலை வெல்லும் வழி தற்செயலாகவே கிடைத்தது. 1952 இல் சுவீடனில் பெர்-இங்வார் பிரோனமார்க் முயலின் கால் எலும்புக்குள் இரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக டைட்டேனியக் கூடு ஒன்றைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதைக் கழற்ற முயன்றபோது எலும்பு அதை விடவில்லை. நடுவே நார் உறை எதுவும் உண்டாகாமல் எலும்பு உலோகத்தோடு நேரடியாகவே பிணைந்திருந்தது. டைட்டேனியத்தின் மேற்பரப்பில் தானாகவே உண்டாகும் மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை எலும்பு அந்நியமாகக் கருதுவதில்லை என்பது பின்னர் தெளிவாயிற்று. 1965 இல் மனிதத் தாடையில் டைட்டேனிய வேர்கள் பொருத்தப்பட்டன. இன்று பல் மருத்துவத்திலும் எலும்பு மருத்துவத்திலும் அந்த உலோகம் இன்றியமையாததாகிவிட்டது.

ஆனால் பிணைவது மட்டும் போதாது. தொடை எலும்பின் கெட்டியான புறப்பகுதியின் விறைப்பு ஏறத்தாழ 15 முதல் 20 கிகாபாஸ்கல். டைட்டேனியக் கலப்புலோகத்துடையது ஏறத்தாழ 110. துருப்பிடிக்காத உருக்குடையது ஏறத்தாழ 200. விறைப்பான பொருளும் நெகிழ்வான பொருளும் சேர்ந்து ஒரு பாரத்தைத் தாங்கும்போது பாரத்தின் பெரும்பங்கை விறைப்பானதே எடுத்துக்கொள்கிறது. பாரம் தாங்காத எலும்பு, பந்தலில் படர்ந்த கொடியின் தண்டு தடிக்காததைப் போல, நாளடைவில் மெலிகிறது. பாரமே தொழிலாக உள்ளவர்களுக்கு இது சிறிய விடயமன்று. தகட்டைக் கழற்றிய பிறகு எலும்பு பழைய வலுவைப் பெறும்வரை கூடை தூக்குவது ஆபத்தானது. நுண்துளைகள் நிறைந்த டைட்டேனியத்தை முப்பரிமாண அச்சில் படலம் படலமாக உருக்கி வார்த்து, விறைப்பை எலும்பின் அளவுக்கு நெருக்கமாகக் கொண்டுவர இப்போது முடிகிறது. எலும்பு அத்துளைகளுக்குள் வளர்ந்து பற்றிக்கொள்ளவும் செய்கிறது. இடுப்பு மூட்டின் கிண்ணங்களில் இம்முறை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது.

வழுக்கி விழுந்து கணுக்காலுக்கு மேல் எலும்பு முறிவது மலையில் வேலை செய்பவர்களுக்கு வரும் பொதுவான விபத்து. அத்தகைய முறிவுக்கு எலும்பின் மச்சைக் குழிக்குள் செலுத்தப்படும் நீண்ட ஆணி, தகட்டைவிடப் பெரும்பாலும் ஏற்றது. அது எலும்பின் நடு அச்சிலேயே இருப்பதால் பாரத்தை எலும்போடு பகிர்ந்துகொள்கிறது, நோயாளரும் முன்னதாகவே காலூன்றலாம். ஜெர்மனியில் கெர்ஹார்ட் கூன்ட்ஷர் 1939 இல் தொடங்கி வைத்த முறை இது. ஆணி சுழலாமலிருக்க அதன் இரு முனைகளிலும் குறுக்குத் திருகாணிகள் இட வேண்டும். அவற்றின் துளைகளைத் தோலுக்கு வெளியிலிருந்து கண்டுபிடிப்பதற்குச் சத்திரசிகிச்சை நடக்கும்போதே படம் காட்டும் எக்ஸ்ரே இயந்திரம் வேண்டியிருந்தது. 1999 இல் அமெரிக்காவின் ரிச்லண்ட் நகரில் தொடங்கப்பட்ட சைன் என்னும் அமைப்பு, அவ்வியந்திரம் இல்லாத வைத்தியசாலைகளை எண்ணி, வெளிப்புறச் சட்டம் ஒன்றின் துணையால் துளைகளைக் குறிவைக்கும் ஆணியை வடிவமைத்தது. புதிய உலோகம் எதுவும் அதில் இல்லை. எங்கே பயன்படப்போகிறது என்பதை முதலில் எண்ணிப் பார்த்ததே அதன் புதுமை; பொறியியலில் நான் மிக மதிக்கும் புதுமையும் அதுவே.

உடலுக்குள் கரைந்து மறையும் மக்னீசியத் திருகாணிகளையும் இங்கே குறிப்பிட வேண்டும். சிறிய எலும்புகளுக்கான அவ்வகைத் திருகாணி ஒன்று 2013 இல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. மக்னீசியம் கரையும்போது ஐதரசன் வாயு வெளிவருவதால் கரையும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதே இதில் உள்ள சிக்கல். பெரிய எலும்புகளைத் தாங்கும் வலுவும் அதற்கு இன்னும் கைகூடவில்லை. ஆயினும் நாட்கூலிக் குடும்பத்துக்கு அதன் பயன் தெளிவானது: பொருத்தியதைக் கழற்ற இரண்டாம் சத்திரசிகிச்சை வேண்டாம் என்றால், இன்னும் சில வாரச் சம்பளம் கையில் நிற்கும்.

மூட்டுகளின் கதை தேய்மானத்தின் கதை. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையில் ஜோன் சார்ன்லி முதலில் இடுப்புக் கிண்ணத்தை டெப்லோனால் செய்தார். வழுவழுப்பானது என்று அவர் நம்பிய அப்பொருள் சில ஆண்டுகளில் தேய்ந்தது. தேய்ந்த துகள்கள் திசுக்களில் அழற்சியை உண்டாக்கி எலும்பையே அரித்தன. டெப்லோன் துகள்களையும் புதிதாகக் கிடைத்த பொலிஎதிலீன் துகள்களையும் அவர் தம் தொடைக்குள்ளேயே வைத்து எதிர்வினையைக் கவனித்தார். 1962 இல், மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பொலிஎதிலீன் கிண்ணமும் சிறிய உலோகத் தலையும் கொண்ட மூட்டை அவர் பொருத்தத் தொடங்கினார். இன்றைய இடுப்பு மூட்டுகள் அந்த வடிவத்தின் வழிவந்தவையே. கதிர்வீச்சால் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்து மேலும் உறுதியாக்கப்பட்ட பொலிஎதிலீன் 1990களின் இறுதியில் வந்தபின் தேய்மானம் வெகுவாகக் குறைந்தது.

முழங்கால் இன்னும் கடினமானது. ஜெர்மனியின் பெர்லினில் ஆய்வாளர்கள் அளவுமானிகளையும் சிறு ஒலிபரப்பியையும் செயற்கை முழங்காலுக்குள்ளேயே வைத்து, நோயாளர் நடக்கும்போது மூட்டின்மீது விழும் விசையை நேரடியாக அளந்தனர். சமதரையில் நடக்கும்போது அது உடல் எடையின் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. கொழுந்தை நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு நிறை போடச் சரிவில் இறங்கும் பெண்ணின் முழங்காலுக்கு உடலோடு கூடையின் எடையும் சேரும். அதனோடு குந்தியிருந்து சமைப்பது, தரையில் சம்மணமிட்டு அமர்வது ஆகியவற்றால் முழங்கால் மிகவும் மடங்குகிறது. அவ்வேளையில் உலோகமும் பொலிஎதிலீனும் தொடும் பரப்புச் சுருங்குவதால், அதே விசை குறைந்த பரப்பில் குவிந்து தேய்மானம் கூடுகிறது. மூட்டு மாற்று செய்துகொள்பவரிடம் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று மட்டும் கேட்பது போதாது. எவ்வளவு உயரம் இறங்குவீர்கள், எவ்வளவு நேரம் குந்தியிருப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும்.

இதய வால்வைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் மருத்துவப் பொருளின் தேர்வு ஒருவரின் எஞ்சிய வாழ்நாள் முழுவதையும் எவ்வாறு வடிவமைக்கிறது என்பதை இதைப்போல வேறெதுவும் காட்டுவதில்லை.

வாத இதயநோய் தொண்டையில் தொடங்குகிறது. ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் கிருமியால் பிள்ளைகளுக்குத் தொண்டைப் புண் வருகிறது. அதைச் சரியாகக் குணப்படுத்தாவிட்டால், கிருமியை எதிர்க்க எழுந்த உடலின் சொந்தப் பாதுகாப்பே சிலருக்கு இதய வால்வுகளைத் தாக்குகிறது. நெருக்கமாக வாழும் இடங்களில் இக்கிருமி எளிதில் பரவும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒற்றைக் காம்பராவில் மூன்று தலைமுறையினர் அடுத்தடுத்துப் படுத்துறங்கும் வீடுகளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. தொண்டைப் புண்ணுக்குப் பெனிசிலின் கொடுப்பதும், ஒருமுறை வாதக்காய்ச்சல் வந்த பிள்ளைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நீண்டகாலப் பெனிசிலின் ஊசி போடுவதும் வால்வைக் காக்கும். அது தவறும்போது இடப்பக்கத்து ஈரிதழ் வால்வு தடித்து, இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வாய் குறுகிவிடுகிறது. மேடு ஏறும்போது மூச்சு வாங்குவதை "சளி", "உடம்பு அசதி" என்று பல ஆண்டுகள் பொறுத்துக்கொண்டு, பிள்ளைப்பேற்றின் போதுதான் நோயை அறிந்துகொள்ளும் பெண்கள் உண்டு.

குறுகிய வால்வை நெஞ்சைத் திறக்காமலே விரிக்க 1982 இல் ஜப்பானியச் சத்திரசிகிச்சை நிபுணர் கஞ்சி இனோவே ஒரு வழி கண்டார். தொடை நாளத்தின் வழியாக இதயத்துக்குள் செலுத்தப்படும் பலூன் அது. இரண்டு இறப்பர்ப் பால் படலங்களுக்கு இடையே நுண்ணிய வலை வைத்துச் செய்யப்பட்டது. வலையின் இழுபடும் தன்மை பலூனின் ஒவ்வொரு பகுதியிலும் வேறுபடுவதால், ஊதும்போது முதலில் முன்பாதி விரிந்து வால்வைத் தாண்டி நிற்கும். பிறகு பின்பாதி விரிந்து பலூன் வால்வின் வாயில் சிக்கிக்கொள்ளும். கடைசியாக இடை விரிந்து ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும். உடலுக்குள் எதையும் விட்டுவராத சிகிச்சை இது. நோயாளர் சில நாட்களில் வீடு திரும்பலாம். செயற்கை வால்வுக்கென வாழ்நாள் முழுவதும் மருந்து உண்ணும் தேவை எழுவதில்லை. வால்வு மிகவும் சுண்ணாம்பேறாத இளம் நோயாளருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பலூனுக்கு உரிய கட்டம் கடந்துவிட்டால் வால்வை மாற்ற வேண்டும். 1960 இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஸ்டார், லொவெல் எட்வர்ட்ஸ் இருவரும் கூண்டுக்குள் பந்து அசையும் வால்வைப் பயன்படுத்தினர். பின்னர், அணு எரிபொருள் மணிகளுக்குப் பூசுவதற்காக உருவாக்கப்பட்ட ஒருவகைக் கரி, இரத்தம் எளிதில் உறையாத, தேயாத மேற்பரப்பைத் தந்ததால் வால்வுத் தட்டுகளுக்கு வந்தது. அதன் விலை இந்தியா போன்ற நாடுகளுக்கு எட்டாதிருந்தது. திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் எம். எஸ். வலியத்தான் தலைமையிலான குழு, செயற்கை நீலமணித் தட்டு உள்ளிட்ட முந்திய மாதிரிகளைக் கைவிட்ட பின், கோபால்ட்-குரோமியக் கலப்புலோக வளையத்துக்குள் பொலிஎதிலீன் தட்டு சாய்ந்து திறக்கும் வால்வை உருவாக்கியது. 1990 டிசம்பரில் அது முதன்முதலாக ஒரு நோயாளருக்குப் பொருத்தப்பட்டது. சார்ன்லியின் இடுப்புக் கிண்ணத்துக்கு உதவிய அதே குடும்பத்துப் பொருள் இதயத்துக்கு வந்தது அவ்வாறுதான். ஓசை குறைவு, விலை குறைவு, எளிதில் உடையாத தன்மை ஆகியவை அதன் சிறப்புகள்.

இனி, அவ்வால்வோடு லயத்துக்குத் திரும்புபவரின் வாழ்க்கையைப் பார்ப்போம். உலோக வால்வு எதுவானாலும் இரத்தம் அதன்மேல் உறையாதிருக்க வாபரின் என்னும் மருந்தை வாழ்நாள் முழுவதும் உண்ண வேண்டும். அளவு குறைந்தால் வால்வில் கட்டி சேர்ந்து மூளைக்குப் போகலாம். அளவு கூடினால் உள்ளே இரத்தம் கசியலாம். இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் கொண்டு கணிக்கப்படும் ஐ.என்.ஆர். என்னும் அளவீட்டை, ஈரிதழ் வால்வு மாற்றியவருக்கு, பொதுவாக 2.5 முதல் 3.5 வரை நிறுத்த வேண்டும். வல்லாரையும் பொன்னாங்காணியும் போன்ற கீரைகளில் உள்ள விற்றமின் கே இம்மருந்தை எதிர்ப்பதால், ஒரு வாரம் நிறையக் கீரையும் மறுவாரம் எதுவுமின்றியும் உண்டால் அளவு தடுமாறும். கீரையை விட்டுவிட வேண்டும் என்பதில்லை, உண்ணும் அளவு ஒரே சீராக இருக்க வேண்டும். கவ்வாத்துக் கத்தி பட்டாலும் அட்டை கடித்தாலும் இரத்தம் நிற்க நேரமாகும். இவை அனைத்தையும் விடக் கடினமானது கிளினிக் நாள். மஸ்கெலியாவின் மேல் பிரிவு ஒன்றிலிருந்து விடியுமுன் புறப்பட்டு, முச்சக்கர வண்டிக்கும் பஸ்ஸுக்கும் செலவழித்து, நகரத்து வைத்தியசாலையில் இரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து திரும்புபவருக்கு அன்றைய பேர் இல்லை. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். அந்த நாள் இலவசமன்று. ஒரு கிளினிக்கைத் தவறவிடுபவரை அக்கறையில்லாதவர் என்று ஏசுவது எளிது. அவர் கண்முன் இருந்த கணக்கு வேறு.

மாட்டின் இதய உறையிலிருந்தோ பன்றியின் வால்விலிருந்தோ செய்யப்படும் திசு வால்வுக்குப் பொதுவாக நீண்டகால வாபரின் வேண்டாம். குளுட்டரல்டிகைட்டு என்னும் இரசாயனத்தில் பதப்படுத்தப்பட்ட அத்திசு, இளையோர் உடலில் விரைவாகச் சுண்ணாம்பேறிவிடுகிறது. முதியவருக்குப் பதினைந்து ஆண்டு நிலைப்பது இருபது வயதுப் பெண்ணுக்கு அதற்கு முன்பே பழுதாகி, மறுபடியும் நெஞ்சைத் திறக்க வேண்டிவரும். மறுபக்கம், உலோக வால்வு வைத்த பெண் கருவுற்றால் வாபரின் கருவைப் பாதிக்கக்கூடும். அதை நிறுத்தினால் தாய்க்கு ஆபத்து. வாத இதயநோய் மிகுதியாகத் தாக்குவது இந்த வயதினரையே என்பதுதான் துயரம். சோதனை அதிகம் வேண்டாத புதிய உறைவெதிர் மருந்துகள் உலோக வால்வுக்கு உதவுமா என்று ஆராய்ந்து 2013 இல் முடிவு வெளியான ஆய்வு ஒன்று, அவற்றுள் ஒன்றான டபிகாட்ரான் பெற்றவர்களுக்குக் கட்டியும் கசிவும் கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. சுண்ணாம்பேறாத, வாபரினும் வேண்டாத நெகிழ்பல்பகுதிய (பொலிமர்) இதழ் வால்வுகள் இப்போது மனிதரில் சோதிக்கப்படுகின்றன. இளம் நோயாளருக்கு அவை உண்மையான விடையாகலாம்.

ஆனால் அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு கருவி ஏற்கெனவே இருக்கிறது. விரல்நுனியில் குத்தி எடுத்த ஒரு துளி இரத்தத்தை உறையத் தூண்டும் பொருள் பூசிய சிறு கீற்றில் விட்டால், ஐ.என்.ஆர். அளவைச் சில நிமிடங்களில் காட்டும் கையடக்கக் கருவி அது. தோட்ட ஆஸ்பத்திரியில் ஈ.எம்.ஏ. என்னும் தோட்ட மருத்துவ உதவியாளர் கையில் அக்கருவி ஒன்றும், மருந்தளவை மாற்றத் தொலைபேசியில் ஆலோசனை தரும் ஒரு வைத்தியரும் இருந்தால், ஒருநாள் பயணம் அரைமணி நேரமாகிவிடும். கீற்றுகளின் விலையும் அவற்றை உரிய வெப்பநிலையில் சேமிப்பதும் தீர்க்க வேண்டிய பிரச்சினைகளே. இருந்தாலும் மலையகத்தில் வால்வு மாற்றியவர்களுக்கு எந்த முன்னேற்றம் முதலில் வேண்டும் என்று என்னைக் கேட்டால், இன்னொரு வால்வை அல்ல, இந்தக் கருவியையே முதலில் சொல்வேன்.

கண்வில்லையின் வரலாறு மகிழ்ச்சி தருவது. இரண்டாம் உலகப் போரில் விமானியொருவரின் கண்ணுக்குள் சிதறிய, பெர்ஸ்பெக்ஸ் என்னும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் துண்டுகள் அழற்சியை உண்டாக்காமல் கிடந்ததைக் கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949 நவம்பரில் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் அதே வகைப் பொருளால் செய்த வில்லையைக் கண்புரை நோயாளருக்கு வைத்தார். அவர் காலத்துக் கண் மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. ஏற்புப் பெற ஏறத்தாழ மூன்று பத்தாண்டுகள் சென்றன. 1992 இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையோடு இணைந்து தொடங்கப்பட்ட ஆரோலேப், நூறு டொலருக்கும் மேல் விற்ற வில்லையை ஏறத்தாழ பத்து டொலருக்குச் செய்து கொடுத்தது. மடித்து உட்செலுத்தும் வில்லைகள் வந்தபின் வெட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றராகச் சுருங்கிவிட்டது. ஒருமுறை வைத்தால் பெரும்பாலும் வாழ்நாளுக்குப் போதும், அடிக்கடி கிளினிக்குக்கு வர வேண்டாம் என்பதால் தொலைதூரத் தோட்டத்து முதியவருக்கு இதைவிட ஏற்ற செயற்கை உறுப்பு அரிது.

அத்தகைய எளிய சிகிச்சையிலும் நம்பிக்கை எவ்வாறு உடையும் என்பதை மலையகம் அறிந்திருக்கிறது. 2023 இல் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பின் பயன்படுத்தப்பட்ட, இறக்குமதி செய்யப்பட்ட பிரெட்னிசலோன் சொட்டு மருந்தால் நுவரெலியா உள்ளிட்ட இடங்களில் நோயாளர்களின் பார்வை பாதிக்கப்பட்டது. வில்லை நல்லது, சத்திரசிகிச்சையும் நல்லது; அதன்பின் கண்ணில் விழுந்த துளியில் தூய்மை இல்லை. மருந்துகளோடு மருத்துவக் கருவிகளையும் பதிவுசெய்து கட்டுப்படுத்தும் பொறுப்பை 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையிடம் ஒப்படைத்திருக்கிறது. 2022 மார்ச்சில், பொருளாதார நெருக்கடியால் பேராதனைப் போதனா வைத்தியசாலை வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்ததையும் இங்கே நினைவுகூர வேண்டும். தையல் நூல் முதல் வால்வு வரை அனேகமாக எல்லாம் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு நாட்டில், பொருளின் தரமும் அது வந்துசேரும் ஒழுங்கும் பிரிக்க முடியாதவை.

செயற்கைப் பாதத்துக்கு வருவோம். ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய பாதம், சப்பாத்துக்குள் மறைந்து தட்டையான தரையில் நடப்பதற்காகச் செய்யப்பட்டது. கணுக்கால் மடங்காது, சப்பாத்தின்றி நடக்க இயலாது. 1968 அளவில் இந்தியாவின் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய பாதம், வெறுங்காலோடு வயலில் இறங்கவும், குந்தவும், மேடுபள்ளத்தில் பாதம் வளைந்து தரையைப் பற்றவும் ஏற்றது. உள்ளே கடற்பஞ்சு போன்ற இறப்பரும் மரமும். சுற்றி டயரில் இடும் நூலிழை இறப்பர். மேலே தோல் நிறத்து இறப்பர். அனைத்தும் ஒரே அச்சில் வெப்பத்தால் பதமாகின்றன. இலங்கையிலும் கொழும்பு நட்புதவிச் சங்கத்தின் பட்டறையில் இவ்வகைப் பாதங்கள் பல ஆண்டுகளாகச் செய்யப்படுகின்றன. பாரம் கூடுதலாக இருப்பது அதன் குறை. நவீனமான பொலியூரித்தேன் பாதங்கள் பாரம் குறைந்தவை. ஆனால் வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் அவற்றின் சில வகைகள் நீரால் சிதைந்து விரைவில் உதிர்ந்தது கண்டறியப்பட்டுள்ளது. மாதக்கணக்கில் நனையும் சரிவில் நடப்பவருக்கு எந்தப் பாதத்தைத் தரலாம் என்பதை விளம்பரத் தாளைப் பார்த்து முடிவுசெய்ய இயலாது.

நீரிழிவால் உணர்விழந்த பாதங்களுக்குச் செருப்பே மருத்துவக் கருவி. வேலூரில் பால் பிராண்டும் அவரோடு பணியாற்றியவர்களும் தொழுநோயால் உணர்விழந்த கால்களுக்காக நுண்துளை இறப்பர் அட்டை வைத்த செருப்பைப் பரவலாக்கினர். அழுத்தத்தை ஒரே இடத்தில் குவிக்காமல் பாதம் முழுவதும் பரப்பிவிடுவதே அதன் வேலை. அதே செருப்பு இன்று நீரிழிவு நோயாளர்களுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. கல்லும் வேரும் நிறைந்த தடத்தில் முள் குத்தியதையே அறியாத கால் ஒன்றுக்கு அது பல ஆண்டுகள் காவலாகும்.

இந்த இறப்பர் நமக்கு அந்நியமானதன்று. பிரேசிலிலிருந்து இலண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்துக்குச் சென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் 1876 இல் இலங்கையின் ஹெனரத்கொடவில் நடப்பட்டன. கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டங்களில் இன்றும் தமிழ்த் தொழிலாளர் பால் வெட்டுகிறார்கள். இழுக்கும்போது அதன் நீண்ட மூலக்கூறுகள் வரிசைப்பட்டுப் படிகமாவதால், தோன்றிய கிழிசல் எளிதில் பரவுவதில்லை. சத்திரசிகிச்சைக் கையுறை, வடிகுழாய், இனோவேயின் பலூன் ஆகியவற்றுக்கு அது உகந்ததாக இருப்பது இதனாலேயே. மரப்பாலில் எஞ்சும் புரதம் சிலருக்கு ஒவ்வாமையை, சில வேளை உயிராபத்தையும், உண்டாக்கும். கழுவுவதாலும் குளோரீன் ஊட்டுவதாலும் அதைக் குறைக்கலாம். மூலப்பொருளும் கைத்திறனும் உள்ள இந்த நாட்டில், மருத்துவத் தரத்து இறப்பர்ப் பொருள்களை இன்னும் விரிவாகச் செய்வதற்கு ஆய்வும் முதலீடும் வேண்டும். உயிர்மருத்துவப் பொறியியலைத் தனிப் பட்டப் பாடமாகக் கற்பிக்கும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தின் மாணவர்களுக்கும் பேராதனைப் பொறியியற் பீடத்தினருக்கும் மலையகத்துச் சரிவுகள் ஒரு சோதனைக் களமாக வேண்டும் என்பது என் விருப்பம்.

கருவிகளை யாரை வைத்துச் சரிபார்த்தார்கள் என்பதும் இதே வகைக் கேள்வி. விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவைக் காட்டும் கருவி, தக்குவோ அஓயாகி என்னும் ஜப்பானியப் பொறியியலாளரின் 1970களின் கண்டுபிடிப்பை அடிப்படையாகக் கொண்டது. ஒளி தோலைக் கடந்து செல்வதைக் கொண்டு அது கணிப்பதால், தோலின் நிறம் கணிப்பைப் பாதிக்கிறது. 2020 இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஒட்சிசன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி அதைக் காட்டாமல் விட்டது கறுப்பின நோயாளரிடம் வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு மிகுதி என்று கண்டது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் காலைக் குளிரில் விறைத்த விரல்களில் இரத்த ஓட்டம் குறைந்து, கருவிக்கு எட்டும் குறியும் நலிந்துவிடுகிறது. கருமையான தோலும் குளிர்ந்த விரலும் உடையவரிடம் 94 என்று வந்தால், அந்த எண்ணை மட்டும் நம்பாமல் அவருடைய மூச்சையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

உடலுக்குள் வைக்கப்பட்ட பொருள் பழுதானதாகப் பின்னர் தெரியவந்தால், அது யார் உடலில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க முடிய வேண்டும். சுவீடன் 1979 இலேயே இடுப்பு மூட்டுகளுக்குத் தேசியப் பதிவேடு தொடங்கியது. அவுஸ்திரேலியாவின் பதிவேடுதான் உலோகத்தின்மீது உலோகம் உராயும் ஒருவகை இடுப்பு மூட்டு அளவுக்கு மிஞ்சிப் பழுதாவதை முன்கூட்டியே காட்டியது. அம்மூட்டு 2010 இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. பொருத்தப்படும் ஒவ்வொரு தகடும் மூட்டும் வால்வும் தன் பெட்டிக்குள் தொகுதி இலக்கம் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் சிலவற்றோடு வருகிறது. ஒன்று சத்திரசிகிச்சைக் குறிப்பில் ஒட்டப்படுகிறது. தோட்டத்து மக்கள் வேலை தேடிக் கொழும்புக்கும் மத்திய கிழக்குக்கும் போகிறார்கள், திருமணமாகி வேறு தோட்டத்துக்குப் போகிறார்கள். அந்தக் குறிப்பு கண்டியிலோ பதுளையிலோ ஒரு கோப்பில் தங்கிவிடுகிறது. ஆகவே வீட்டுக்கு அனுப்பப்படும் நாளில் நோயாளரோ உடன் வந்தவரோ தாதியிடம் இன்னொரு ஒட்டுத்தாளைக் கேட்டு வாங்கித் தம் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கீழே பொருத்தப்பட்டது என்ன, எந்தப் பக்கத்தில், எந்தத் திகதியில் என்பதைத் தமிழில் எழுதித் தரும்படியும் கேட்க வேண்டும்.